உதவி: ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு 86 டிகிரிக்கு ஏறுகிறது, ஊதிப் பார்த்தும் குறையவில்லை

பள்ளத்தூர்ப் பையன்:
வணக்கம். ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டு (இரண்டு ஃபேன்), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டி). கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட், 2023 கடைசியில் வாங்கியது. போன சித்திரையில் எவ்வளவு நேரம் விளையாடினாலும் 75 டிகிரியைத் தாண்டாது. இப்போது கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே 86. ஃபேன் சத்தம் வளவு முழுக்கக் கேட்கிறது. "என்னடா, ரைஸ் மில்லா ஓடுது?" என்று முகப்பிலிருந்து ஐயா குரல் கொடுக்கிறார். படமும் நடுநடுவே திக்குகிறது.

ப்ளோவரால் ஊதிவிட்டேன். கேபினெட் முன்பக்கம் இன்னொரு ஃபேனும் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடையில் கேட்டால் கார்டைப் பார்க்காமலே "சிப் மேல சூட்டைக் கடத்துற பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், கொண்டு வாங்க" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

செம்மண் காடு:
கத்திரி வெயில் தம்பி. ஏசி இருக்கிற ரூமுக்கு மாத்துங்க, தீர்ந்தது.

தேவகோட்டை ரிப்பேர்:
ஏசி போட்டால் குறையும்தான். அறையில் 6 டிகிரி குறைந்தால் கார்டிலும் ஏறக்குறைய அதே 6 குறையும். ஆனால் தம்பி போன சித்திரையையும் இந்தச் சித்திரையையும் ஒப்பிட்டுச் சொல்கிறார். வெயில் இரண்டு வருஷமும் அடித்தது. கார்டில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

தம்பி, திருப்புளியை எடுக்கும் முன்பு ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு சென்சார் பக்கத்தைத் திறந்து வையுங்கள். கேம் ஓடி சூடு நிலையாக நின்றபின் கார்டின் சூடு, ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே மிகச் சூடான இடம்) சூடு, இரண்டு ஃபேன்களின் வேகம், வாட் எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பள்ளத்தூர்ப் பையன்:
பார்த்தேன் அண்ணே. கார்டு 86, ஹாட் ஸ்பாட் 97. இரண்டு ஃபேனும் 100 சதவீதம், வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 150 வாட் பக்கம் காட்டுகிறது. கதவைக் கழற்றினால் 84. அவ்வளவுதான் குறைந்தது. அறையில் 33 டிகிரி.

காரைக்குடி கேமர்:
செகண்ட் ஹேண்ட் என்கிறீர்களே, மைனிங் கார்டாக, அதாவது கிரிப்டோ காசு எடுக்க ஓட்டிய கார்டாக இருக்கும். 2022 செப்டம்பரில் ஈதீரியம் மைனிங் நின்றதும் இப்படிப்பட்ட கார்டுகள்தான் சந்தையில் வந்து குவிந்தன. ராப்பகலாக ஓடி, மெமரி சிப் மேல் சூட்டைக் கடத்த வைத்திருக்கும் பேட் எல்லாம் எண்ணெய் கக்கியிருக்கும். பேஸ்ட், பேட் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பள்ளத்தூர்ப் பையன்:
அண்ணே, எண்ணெய் இருக்கிறது! ஃபேன் இறக்கையில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

தேவகோட்டை ரிப்பேர்:
கொஞ்சம் பொறுங்கள். பேட் கக்குகிற சிலிகான் எண்ணெய் மெமரி சிப்களைச் சுற்றியும் போர்டு ஓரத்திலும்தான் கசிந்து நிற்கும். ஃபேன் இறக்கையில் ஏறி உட்காராது. கேபினெட்டின் முன் வலையைத் தொட்டுப் பாருங்கள். அதுவும் பிசுபிசுத்தால் எண்ணெய் வெளியிலிருந்து வந்தது. கணினி வீட்டில் எங்கே இருக்கிறது?

பள்ளத்தூர்ப் பையன்:
வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். வலையும் ஒட்டுகிறது. போன ஆடியிலிருந்து அம்மாவும் அப்பத்தாவும் பலகார ஆர்டர் எடுக்கிறார்கள். முறுக்கு, சீடை, அதிரசம் என்று தினமும் எண்ணெய்ச் சட்டி காய்கிறது. அடுப்பு அடுத்த அறையில்தான்.

தேவகோட்டை ரிப்பேர்:
சரி, ஆள் கிடைத்துவிட்டான். நீங்கள் கொடுத்த எண்களை இப்போது பாருங்கள்.

கார்டுக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் இடைவெளி 11. பத்து முதல் இருபது வரை சாதாரணம். பேஸ்ட் காய்ந்தாலோ ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகட்டு அடுக்கு) சரியாக உட்காராவிட்டாலோ அது முப்பதைத் தாண்டும். ஆக, சிப்பின் சூடு ஹீட்சிங்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. கதவைத் திறந்ததும் பத்துப் பன்னிரண்டு குறைந்திருந்தால் கேபினெட்டில் காற்றோட்டம் போதவில்லை என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு 2தான். ஃபேனும் சுற்றுகிறது. அப்படியானால் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே காற்று நுழையவில்லை. தூசி மட்டும் என்றால் ப்ளோவரே போதும். எண்ணெய்ப் புகை கலந்த தூசி கம்பளி மாதிரி படிந்துவிடும், ஊதினால் இன்னும் உள்ளேதான் இறுகும்.

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டை வெளியே எடுங்கள். ஸ்லாட்டின் கொக்கியை அழுத்திக்கொண்டு எடுக்க வேண்டும். பல 3060 மாடல்களில் ஃபேனும் பிளாஸ்டிக் மூடியும் தனித் திருகில் இருக்கும். ஹீட்சிங்கை அசைக்காமலே கழற்றலாம். பின்பக்கம் சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு திருகுகள் தெரியும். அவற்றைத் தொடவே வேண்டாம். ஃபேன் ஒயரை ஒயரோடு இழுக்காமல் அதன் தலையைப் பிடித்துக் கழற்றுங்கள்.

தகட்டுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷில் நனைத்து, தகடு போகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியும் நேரத்தில் ஐபிஏ பாட்டிலைத் திறக்கவே கூடாது. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும். பெட்ரோல், தின்னர் கிட்டேயே வரக் கூடாது. கடைசியாக ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் கெடும். நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

உங்கள் மாடலில் ஹீட்சிங்கைப் பிரித்தால்தான் மூடி வரும் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். அப்போது புதுப் பேஸ்ட் கட்டாயம். பேடின் தடிமனும் பழையபடியே இருக்க வேண்டும். தடியான பேட் போட்டுவிட்டு, ஹீட்சிங்க் சிப்பில் படாமல் அந்தரத்தில் நிற்கும் கார்டுகள் எங்களிடம் நிறைய வருகின்றன.

செம்மண் காடு:
கரண்டு வோல்டேஜ் ஏறி இறங்குவதால் கார்டு சூடாகுமா? எங்கள் தெருவில் சாயங்காலம் ரொம்ப மோசம்.

தேவகோட்டை ரிப்பேர்:
ஆகாது. அதை எஸ்எம்பிஎஸ் பார்த்துக்கொள்ளும். யுபிஎஸ் வாங்குங்கள், ஆனால் அது வேறு நோய்க்கு மருந்து.

பள்ளத்தூர்ப் பையன்:
அண்ணே, மூடி தனியாகவே வந்துவிட்டது. ஃபேனுக்கு நேர் கீழே தகடே தெரியவில்லை. பழுப்பாக ஒரு பாய் விரித்திருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பியதும் சுருண்டு ஒரே துண்டாக வந்தது, சீடை வாசனையோடு! மிச்சத்தை பிரஷ்ஷும் ஐபிஏயும் பார்த்துக்கொண்டன. இப்போது அதே கேம், அதே அறை: கார்டு 74, ஹாட் ஸ்பாட் 86. ஃபேன் 65 சதவீதம். வாட் 168.

கோட்டையூர் ஆச்சி:
அருமை. இன்னும் இறக்கலாம் தம்பி. 3060 முழுச் சுமையில் 170 வாட் தின்னும், அவ்வளவும் அறையில் சூடாகத்தான் இறங்கும். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் வாட்டின் வரம்பு) 80 சதவீதத்தில் வையுங்கள். சில கேம்களில் வேகம் கொஞ்சம் குறையும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. பொறுமை இருந்தால் அண்டர்வோல்ட் செய்யலாம், அதாவது சிப்பைக் குறைந்த வோல்ட்டில் ஓட்டலாம். அதே மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ் வளைகோடு வரும். நான் 0.85 வோல்ட்டில் 1800 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு ரகம், உங்களுடையது அதில் ஹேங் ஆனால் மெகாஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள்.

பள்ளத்தூர்ப் பையன்:
80 வைத்ததும் 68 அக்கா! ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது. கணினியை அடுப்பை விட்டுத் தள்ளி, பட்டாலைப் பக்கம் மாற்றிவிட்டேன்.

தேவகோட்டை ரிப்பேர்:
நல்லது. முன் வலைக்கு மாதம் ஒரு துடைப்பு. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேனும் அதே புகையைத்தான் குடித்திருக்கிறது. அதன் வலையை வெளியிலிருந்து மட்டும் பிரஷ் போடுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே கெபாசிட்டரில் கரண்டு நிற்கும்.

புதுவயல் 1660:
இதே தொல்லை எனக்கும், 1660 சூப்பர் கார்டு. ஐபிஏ வாங்கிவிட்டேன், நேரே கழற்றிவிடட்டுமா?

தேவகோட்டை ரிப்பேர்:
வேண்டாம். முதலில் கேம் ஓட்டி எண்களைப் போடுங்கள், ஃபேன் வேகம் மறக்காமல். கதவைக் கழற்றியும் ஒரு தடவை.