ஒரே ஆவணத்தில் நிமிர்ந்த பக்கமும் படுத்த பக்கமும்: சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்காக லிபர்ஆபிஸ் ரைட்டர் என்னும் எழுத்துச் செயலிக்குக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஏ4 பக்கம் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். பெரிய அட்டவணை வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிப் போடவேண்டும். மாணவர்களோ ஆவணம் முழுவதையும் திருப்பிவிட்டுத் திகைக்கிறார்கள். நிமிர்ந்த பக்கமான போர்ட்ரெய்ட், படுத்த பக்கமான லேண்ட்ஸ்கேப் இரண்டுக்கும் சொல் தாருங்கள். உருவப்படம், நிலக்காட்சி என்று மட்டும் வேண்டாம். அட்டவணைக்கும் நிலக்காட்சிக்கும் என்ன உறவு?

—

அம்மா, நில், கிட என்னும் வேர்கள் இருக்கையில் வெளியே தேடுவானேன்? திருமலையில் நின்ற கோலம், திருவரங்கத்தில் கிடந்த கோலம். யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. நிலைத்தாள், கிடைத்தாள் என்று வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் ஓலைச்சுவடி முழுக்கக் கிடைதான். பனையோலையின் நீளத்துக்கு வரி ஓடும். நிமிர்ந்த பக்கம் நமக்குத் தாளோடு வந்த பழக்கம். ஆகவே கிடையை இயல்பாகவும் நிலையை விலக்காகவும் கையேட்டில் காட்டினால் நல்லது. ஆட்டுக்கிடை, கிடக்கை, கிடங்கு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவையே. கிடங்குக்கு அகழி என்றும் பொருள் உண்டு. அதைத் தனியே எழுதுகிறேன்.

—

ஐயா, "கிடைத்தாள்" என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். யாரோ ஒருத்தி கிடைத்தாள் என்றுதான் காதில் விழும். நிலைத்தாளும் அப்படியே, பெண்பால் வினைமுற்று. புணர்ச்சி விதி சரி, பொருள் கெட்டது. மேலும் நாம் திருப்புவது தாளை அல்ல. அச்சுப்பொறிக்குள் தாள் எப்போதும்போலத்தான் போகிறது, பக்கத்தின் அமைப்புதான் மாறுகிறது. நெடுக்குப் பக்கம், குறுக்குப் பக்கம் என்பேன். தறியின் பாவும் ஊடையும் தெரிந்த ஊர்களில் நெடுக்கும் குறுக்கும் அன்றாடப் பேச்சு.

—

அச்சக வேலையில் இருப்பவன் சொல்கிறேன். "லேண்ட்ஸ்கேப்பில் போடுங்க" என்றால் எங்கள் கடையில் எல்லாருக்கும் புரியும். "குறுக்கே போடுங்க" என்றால் வெட்டவா, மடிக்கவா என்று கேட்பார்கள். மாணவர் கணினியில் பட்டியல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்தச் சொல்லை மறைத்தால் அவர் எதைச் சொடுக்குவார்?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். வேர்டில் அட்டவணைக்கு முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரேக் வைத்து ஆவணத்தைப் பகுதிகளாக்குகிறோம். ரைட்டரிலும் செக்‌ஷன் உண்டு, ஆனால் அதனால் பக்கம் திரும்பாது. அங்கே பக்க அமைப்பைச் சேர்த்துவைத்திருக்கும் பேஜ் ஸ்டைல்தான் வேலை செய்கிறது: அட்டவணைக்கு முன் பக்கத்தை முறித்து லேண்ட்ஸ்கேப் ஸ்டைலைத் தேர்ந்தெடுக்கவேண்டும், அட்டவணை முடிந்ததும் மறுபடி முறித்துப் பழைய ஸ்டைலுக்குத் திரும்பவேண்டும். புது ஸ்டைலில் பக்கத்தின் மேலும் கீழும் வரும் தலைப்புப்பட்டியும் அடிப்பட்டியும் தனியாக இயக்கப்படவேண்டும், இல்லையேல் திருப்பிய பக்கத்தில் பக்க எண் இருக்காது. பக்க எண் விடுபட்ட ஏடுகள் பைண்டிங்குக்கு வந்து திரும்பிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். செக்‌ஷன் பிரேக், பேஜ் ஸ்டைல் இரண்டுக்கும் "பகுதி முறிப்பு" என்று ஒரே பெயர் வைத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

—

முறிப்பா? முறி என்பது ஓலை நறுக்கு. கடன்முறி, பிணைமுறி என்று ஆவணத்துக்கே பெயர். ஆவணத்துக்குள் ஆவணத்தை முறிப்பதா? பிரிப்பு என்க.

—

பக்கத்தைப் பிரிப்பது என்றால் தாளை ஏட்டிலிருந்து பிரிப்பதாகாதா ஐயா?

—

நன்றி. நேரம் இல்லை, முடிவு செய்கிறேன். நிலைப்பக்கம், கிடைப்பக்கம், முதல் இடத்தில் மட்டும் போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப் என்று சேர்த்துப் போடுவேன். வேர்டுக்குப் பகுதி முறிப்பு, ரைட்டருக்குப் பக்கப் பாணி. அச்சக நண்பர் சொன்ன பக்க எண் எச்சரிக்கைக்குக் கையேட்டில் தனிக் கட்டம் உண்டு.

—

கிடைப்பக்கத்தை ஏற்றதில் மகிழ்ச்சி. பக்கப் பாணியை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தார் பாணி என்றால் பனம்பாணி என்னும் பாகைத்தான் நினைப்பார்கள். பக்கப் பாங்கு என்று மாற்ற வெள்ளிவரை நேரம் இருக்கிறது அம்மா.