கர்ப்பிணிக்கான ஜிகா பரிசோதனை: கைப்பேசிச் சிறுநீர்ச் சோதனையை நம்பலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளையில் வசிக்கும் என் தங்கை மூன்று மாதக் கர்ப்பிணி. 2021 ஜூலையில் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கொசுவால் பரவும் ஜிகா வைரஸ் தொற்று உறுதியானதை இந்தப் பகுதியினர் இன்னும் மறக்கவில்லை. பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரியாமல் வந்துபோகும் இந்த நோய், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என்பதால் அவள் மிகவும் கலங்கியிருக்கிறாள்.

வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்து வைரஸ் தொற்றைக் கைப்பேசியில் அறியலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து அவள் ஒரு பெட்டியை வாங்கிவிட்டாள். அதில் இருப்பவை பல நிறக் கட்டங்கள் ஒட்டிய பட்டைகளும், பட்டையை வைத்துப் படம் எடுப்பதற்கான வண்ண அட்டையும் மட்டுமே. புரதம், சர்க்கரை, நைட்ரைட், வெள்ளணு ஆகியவற்றைக் காட்டும் இத்தகைய பட்டையால் ஜிகாவைக் கண்டறிய முடியாது என்றே நான் கருதுகிறேன். அதற்கு வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பெருக்கிக் காணும் சோதனை தேவை. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தார் 2017-இல் வெளியிட்ட கருவி, மாதிரியைச் சுமார் 65 பாகை செல்சியசில் சூடாக்கி, அதில் எழும் ஒளிர்வைக் கைப்பேசிக் கேமராவால் படித்தது. தங்கையிடம் இருப்பது அவ்வகையன்று.

இரத்தத்தில் மறைந்த பின்னும் ஜிகா சிறுநீரில் சில நாட்கள் தென்படுவதுண்டு என்பதால், முறையான ஆய்வகத்தில் சிறுநீரையும் சோதிக்க விரும்புகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மாதிரியை எங்கே கொடுப்பது, மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் கட்டாயமா, காய்ச்சல் இல்லாதவருக்கும் சோதிப்பார்களா என்பதை ஆய்வகப் பணியாளர்களோ மகப்பேறு மருத்துவர்களோ தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.