நிகழ்ச்சி முடிந்த பிறகு மீதிப் பணம் வருவதே இல்லை. டிஜேக்களே, நீங்கள் எப்போது, எப்படி வாங்குகிறீர்கள்?

கேபிள் சுருட்டுபவன்

வணக்கம். சொந்தமாக ஸ்பீக்கர், மிக்ஸர், லைட் எல்லாம் வாங்கி இரண்டு வருடமாக டிஜே வேலை செய்கிறேன். பாட்டில் யாரும் குறை சொன்னதில்லை. பணத்தில்தான் இடிக்கிறது.

தேதி உறுதியானதும் பேசிய தொகையில் கால் பங்கு அட்வான்ஸ் வாங்குவேன், மீதி நிகழ்ச்சி முடிந்ததும். எல்லாம் வாய்ப்பேச்சுதான், கூட ஒன்றிரண்டு வாட்ஸ்அப் செய்தி இருக்கும். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பு. இரவு 1 மணிக்குக் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடினால், அவர் வாசலில் உறவினர்களை வழியனுப்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் போய் நின்றேன். "பையன்கிட்ட பேசிக்கோ தம்பி" என்றார். பையன் அதற்குள் கிளம்பிவிட்டான். மறுநாள் போன் செய்தால், "அப்பா குடுத்துட்டாருன்னு நெனச்சேனே" என்கிறான். இன்றோடு 38 நாள் ஆகிறது.

இதில் கடைசி ஒரு மணி நேரம் அவர்கள் கேட்டதற்காகக் கூடுதலாகப் போட்டது. அதற்கு ரேட்டே பேசவில்லை.

மீதியை எப்போது வாங்குவது சரி? இந்தப் பழைய பாக்கியை எப்படி வாங்குவது? இன்னும் மூன்று வாரத்தில் ஒரு பிறந்தநாள் விழா இருக்கிறது, பழைய பேச்சுப்படி ஒப்புக்கொண்டது. நடுவில் விதியை மாற்றலாமா?

பழைய கன்சோல்

தம்பி, இந்த வாசல் காட்சி எங்கள் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. கடைசிப் பாட்டு முடிந்த நிமிடம் அவர்களுக்கு உங்களால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் நினைப்பதில்லை. களைத்திருப்பார்கள், பையில் பணம் இருக்காது, யார் தருவது என்று வீட்டில் பேசியிருக்க மாட்டார்கள்.

நான் தேதி பிடிக்கும்போதே பாதி வாங்கிவிடுவேன், மீதி நிகழ்ச்சிக்கு 10 நாள் முன்பு. ஏன் 10 நாள் என்றால், செக் கொடுத்தால் பாஸாக நேரம் வேண்டும். வரவில்லை என்றால் நினைவூட்ட, பேச, கடைசியில் அந்தத் தேதியை இன்னொருவருக்குக் கொடுக்கவும் நேரம் வேண்டும். நிகழ்ச்சியன்று காலையில் இது எதுவும் நடக்காது.

அட்வான்ஸ் எதற்கு என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். அன்று நான் வேறு யாருக்கும் போக மாட்டேன் என்பதற்கான பணம் அது. நான் எழுதுவது இப்படி: "இது தேதியைப் பிடித்து வைப்பதற்கான தொகை. நீங்கள் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது. நான் வராமல் போனால் முழுவதும் திருப்பித் தரப்படும்." கடைசி வரியைப் பல பேர் எழுதுவதில்லை. எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போடுவதே அந்த வரியைப் பார்த்துத்தான்.

ராத்திரி லைட்

10 நாள் முன்பு கேட்டால் என்னிடம் யாரும் தருவதில்லை அண்ணா. அன்றைக்கு, வண்டியிலிருந்து முதல் ஸ்பீக்கரை இறக்குவதற்கு முன் வாங்குவேன். "செட் போடப் போறேன், கணக்கை முடிச்சிடலாமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும். பெரும்பாலும் கவர் தயாராக இருக்கும்.

ஒரே ஒரு தடவை தரவில்லை. நானும் பிடிவாதமாக 40 நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பணம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு புக்கிங்கும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய கன்சோல்

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள் 🙂 விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கும்போது செட் போட மாட்டேன் என்று நின்றால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பார்ப்பவர்களுக்கு நாம்தான் வில்லன். அந்த நிலைக்கே போகக் கூடாது என்பதற்குத்தான் 10 நாள். ஏதாவது காரணத்தால் முன்கூட்டி வரவில்லை என்றால், உங்கள் வழி இரண்டாவது தடுப்பாக இருக்கட்டும்.

விழா ஏற்பாட்டாளர்

நான் டிஜேக்களுக்குப் பணம் கொடுக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். முழுப் பணமும் வாங்கிக்கொண்டு அன்றைக்குப் போனை அணைத்து வைத்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முன்பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருப்பதுபோல, பயப்படும் உரிமை எங்களுக்கும் இருக்கிறது. கையெழுத்தான ஒப்பந்தம், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் வருவார் என்ற விவரம், இந்த மூன்றையும் நாங்கள் கேட்கும் முன்பே கொடுங்கள். முழுத்தொகையையும் முன்கூட்டித் தரத் தயக்கமே இருக்காது.

கம்பெனி விழா என்றால் கதை வேறு. அங்கே பில் கொடுத்து 30 நாள் கழித்துத்தான் பணம் வருவது சகஜம். அன்றைக்கு உங்களை வரவேற்கும் பெண்ணிடம் மீதியைக் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தாதீர்கள். அவளிடம் செக் புத்தகம் கிடையாது. ஒப்புக்கொள்ளும் அன்றே கணக்குப் பிரிவில் யாரைப் பார்க்க வேண்டும், பர்ச்சேஸ் ஆர்டர் (இந்த வேலையை உங்களுக்குத் தருகிறோம் என்று கம்பெனி எண் போட்டுத் தரும் கடிதம்) தேவையா, உங்கள் பெயரை அவர்கள் பட்டியலில் சேர்க்க என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பில்லில் ஆர்டர் எண் இல்லை என்பதற்காகவே ஒரு மாதம் தூங்கிய பில்கள் உண்டு.

ஸ்க்ரீன்ஷாட் நம்பாதவன்

எப்போது என்பதைப் பேசியாகிவிட்டது, நான் எப்படி என்பதைச் சொல்கிறேன். பணம் அனுப்பியதாக ஸ்க்ரீன்ஷாட் காட்டினால், உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்று உங்கள் போனில் பாருங்கள். போலி ஸ்க்ரீன்ஷாட் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

செக்கில் இன்னொரு பொறி. முன்பின் தெரியாத ஒருவர் பேசியதைவிடப் பெரிய தொகைக்குச் செக் அனுப்பி, "தவறுதலாகக் கூடிவிட்டது, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். செக் போட்டவுடன் கணக்கில் தொகை தெரியலாம். சில நாள் கழித்து அது திரும்பும்போது நீங்கள் அனுப்பிய நிஜப் பணம் போயே போய்விடும். பழைய மோசடிதான், இன்னும் ஆள் சிக்குகிறார்கள்.

கிரெடிட் கார்டு வசதிதான், ஆனால் பணம் வந்துவிட்டது என்று அன்றே நிம்மதியாகிவிட முடியாது. வாடிக்கையாளர் பிறகு வங்கியில் புகார் செய்து தொகையைத் திருப்பிக் கேட்க முடியும். அதற்குப் பல கார்டுகளில் 120 நாள் வரை அவகாசம் உண்டு. ஒப்பந்தத்தையும், அன்று நீங்கள் வாசித்ததற்கான படங்களையும் அதுவரை அழிக்காதீர்கள்.

கேபிள் சுருட்டுபவன்

எல்லோருக்கும் நன்றி. கூடுதல் நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆட்டம் சூடு பிடித்திருக்கும்போது "இன்னும் ஒரு மணி நேரம் அண்ணா" என்று பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால் எப்படி மறுப்பது?

பழைய கன்சோல்

அந்தப் பத்துப் பேரில் பணம் தருபவர் யார்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். பணம் தருவதும் நேரத்தை நீட்டிக்கச் சொல்வதும் அந்த ஒருவர்தான். உங்கள் மாப்பிள்ளை வீட்டுச் சிக்கலின் வேரும் இங்கேதான் இருக்கிறது. அப்பாவா பையனா என்று நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ரேட்டை அரை மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முடிய அரை மணி இருக்கும்போது ஒரு நீளமான பாட்டை ஓடவிட்டு அவரிடமே போய், "நீட்டிக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்று கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கான பணம் அந்த நேரம் தொடங்கும் முன்பே வந்துவிட வேண்டும். மண்டபத்தில் எத்தனை மணிக்குச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் பணம் கொடுத்தாலும் நீட்டிக்க முடியாது.

பழைய பாக்கிக்கு இனிப் போன் வேண்டாம். போன் பேச்சுக்குச் சாட்சி இல்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்: "வணக்கம் சார். இந்தத் தேதியில் நடந்த வரவேற்புக்குப் பேசியது இவ்வளவு, அட்வான்ஸாக வந்தது இவ்வளவு, மீதி இவ்வளவு. வரும் வெள்ளிக்குள் அனுப்பிவிடுங்கள். கணக்கு விவரம் கீழே." கூடவே பில்லும் போகட்டும். கோபமோ புலம்பலோ ஒரு வார்த்தைகூட வேண்டாம். கூடுதல் மணியைத் தனி வரியாகப் போட்டு, "இதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்" என்று எழுதிவிடுங்கள். பேசாத ரேட்டுக்கு மல்லுக்கட்டப் போனால் பேசிய பணமும் இழுபறியாகிவிடும். வெள்ளி தாண்டினால் எழுத்தில் இன்னொரு கெடு, அதற்கப்புறம்தான் வக்கீல் நோட்டீஸ். கோபத்தில் பேஸ்புக்கில் அவர்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அடுத்த பார்ட்டி அதைப் பார்த்து உங்களிடம் வரவே யோசிப்பார்.

பிறந்தநாளுக்கு விதியை மாற்ற முடியாது, பேச்சு பேச்சுதான். ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

கேபிள் சுருட்டுபவன்

இரண்டு வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன். பிறந்தநாள் வீட்டு அம்மாவிடம் தயங்கித் தயங்கி, மீதியை ஒரு வாரம் முன்பே தர முடியுமா என்று கேட்டேன். அன்று மாலையே அனுப்பிவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி, அன்னைக்கு யார்கிட்ட குடுத்து வைக்கறதுன்னு நானே யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார். நான் ரசீது அனுப்பினேன், வாழ்க்கையில் முதல் ரசீது.

மாப்பிள்ளை வீட்டுச் செய்திக்கு மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் பாக்கியில் பாதி வந்தது, அப்பாவிடமிருந்து. மீதிப் பாதி பையன் தருவானாம். கூடுதல் மணியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. இரண்டாவது கெடு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அனுப்புவேன்.