தசம எண்கள் புரிந்தனவா என்று எப்படி அறிவது?

கேள்வி: ஏழாம் வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், தேர்விலோ 0.5-ஐ விட 0.35 பெரியது என்று பலர் எழுதுகிறார்கள். பாடத்தின் நடுவிலேயே இதைக் கண்டறிவது எப்படி?

பதில் 1: 0.5, 0.35, 0.125 ஆகியவற்றுள் பெரியது எது என்று கேட்டு, விடையைச் சிலேட்டில் எழுதி அனைவரும் ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் செய்யுங்கள். 0.125 என்று எழுதியவர், புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை முழு எண்ணாகவே வாசிக்கிறார். அவரை நூறு கட்டங்கள் கொண்ட தாளில் 0.5-க்கு 50, 0.35-க்கு 35 எனக் கட்டங்களை வண்ணமிடச் செய்யலாம். (ரூபாய், பைசா எடுத்துக்காட்டு எனக்கு உவப்பானதன்று, அதை இரு தனி எண்களாகவே பிள்ளைகள் பார்க்கிறார்கள்.)

பதில் 2: அந்தக் கேள்வியில் ஒரு குறை உண்டு. இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று தவறாக எண்ணும் மாணவரும் அதில் 0.5 என்றே சரியாக எழுதிவிடுவார். ஆகவே 0.4, 0.75 என்ற இணையையும் கேட்டு, காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி. நாளை இரண்டையும் கேட்கிறேன்.