சாம்பிள் = மாதிரி? டி லா சோல் கட்டுரைக்கு ஒரு சொல் வேண்டும்

அனுப்புநர்: முத்தியால்பேட்டை

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஹிப் ஹாப் குழுவான டி லா சோலின் ‘அண்ட் தி அனானிமஸ் நோபடி’ ஆல்பம் பற்றிய என் கட்டுரை ‘சாம்பிள்’ என்ற சொல்லால் பாதியில் நிற்கிறது. பதிவான ஒலியிலிருந்து வெட்டி எடுத்துப் புதுப்பாட்டில் வைக்கும் துண்டுதான் சாம்பிள்; அதை இதுவரை ‘மாதிரி’ என்று எழுதிவந்தேன். 2004 ஆல்பத்துக்குப் பிறகு, 2016 ஆகஸ்டில் வந்தது. குழு உறுப்பினர் டேவ் 2023 பிப்ரவரியில் மறைந்தார்; அவர் வாழ்நாளில் குழு வெளியிட்ட கடைசி ஆல்பம் இதுதான். ‘ரசிகர் கருத்து’ பகுதியில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. “இதில் மாதிரிகளே இல்லை, அதனால்தான் பழைய கரகரப்பு போய்விட்டது.” அடுத்தது, “முழுக்க முழுக்க மாதிரிகளால் கட்டிய ஆல்பம்.” படிப்பவர் எழுதியவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார். ஆனால் இரண்டு கட்சியும் சொல்வது சரி.

நடந்தது இதுதான். கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாக 11,000 பேருக்கு மேல் சேர்ந்து 6 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வாத்தியக்காரர்களை உட்கார்த்தி, 200 மணி நேரத்துக்கு மேல் வாசிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவையே பழைய இசைத்தட்டு போல வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தை வெட்டி எடுத்துப் பாட்டு கட்டினார்கள். அடுத்தவர் தட்டில் கை வைக்கவில்லையே என்பவர் ‘சாம்பிள் இல்லை’ என்கிறார். வெட்டிய வேலையைப் பார்ப்பவர் ‘எல்லாமே சாம்பிள்’ என்கிறார்.

‘மாதிரி’ என்ற சொல்லோடு இதற்கு மேல் ஓட்ட முடியாது. சாம்பிள் எடுக்கப் பயன்படும் எஸ்பி-1200 என்ற பெட்டியைப் பற்றி நான் எழுதிய வரியைப் பாருங்கள்: “விநாடிக்கு 26,040 மாதிரி வீதம், ஒரு மாதிரிக்கு அதிகபட்சம் 2.5 விநாடி, ஆக ஒரு மாதிரிக்குள் 65,100 மாதிரிகள்.” வெட்டிய துண்டும் மாதிரி, பெட்டி ஒலியை விநாடிக்கு இத்தனை முறை எடுக்கும் அளவீடும் மாதிரி. கணக்கு சரி, தமிழ்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

வேறு சொல் வேண்டும். பெயராகவும் வினையாகவும் நிற்க வேண்டும். லூப் (திரும்பத் திரும்பச் சுழலும் துண்டு), சாப் (பொடியாக நறுக்கிய துண்டு), பிரேக் மூன்றுக்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள். ‘அண்டர்கிரவுண்ட்’ (பெரிய கம்பெனிகளுக்கு வெளியே வளரும் இசை) என்பதை ‘நிலத்தடி’ என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன், அது நீருக்குத்தான் பொருந்துகிறது.

——

அனுப்புநர்: மஞ்சக்குப்பம்

தம்பி,

உரையாசிரியர்கள் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைகிறீர்கள்? பிறர் நூலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத் தம் உரையில் வைப்பதற்கு மேற்கோள் என்று பெயர். வினைக்கு ‘எடுத்தாள்’. எடுத்தாண்டான், எடுத்தாட்சி, எடுத்தாளப்பட்ட பகுதி என்று எல்லா வடிவமும் வருகிறது.

லூப் என்பதற்கு ‘மடக்கு’. வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வருவது மடக்கணி. பள்ளிக் கணினிப் பாடநூல்களிலும் இதே சொல்தான் வழங்குகிறது.

பிரேக் என்றால் என்னவென்று ஒரு வரியில் விளக்கினால் அதற்கும் பார்க்கலாம்.

——

அனுப்புநர்: குருசுக்குப்பம்

மாதிரியை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். பிரெஞ்சில் பொறியாளர்கள் ‘எஷாந்தியோன்’ என்பார்கள். துணிக்கடையில் காட்டும் துண்டுக்கும் ஒலி அளவீட்டுக்கும் அதே சொல். ஆனால் அங்கே ராப் கேட்கிறவர்கள் அதைத் தொடுவதில்லை, ‘சாம்ப்ல்’ என்றே சொல்கிறார்கள். யாரும் திட்டமிடாமலே இரண்டு பொருளும் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டன. நாமும் அளவீட்டுக்கு ‘மாதிரி’யை விட்டுவிடலாம். மாதிரி வீதம் என்பது நன்றாகத்தான் இருக்கிறது. இசைக்கு மட்டும் புதுச்சொல் தேடினால் போதும்.

‘ஒலித்துணுக்கு’ என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். துணுக்கு என்றாலே வாரப் பத்திரிகையில் பக்கத்தின் அடியில் போடும் சிரிப்புதான் ஞாபகம் வரும்.

கட்டுரையில் ஒரு குறை. சாம்பிள் சண்டைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய நீங்கள், ரசிகர்களுக்கு இருக்கக்கூடிய பெரிய மனத்தாங்கலை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஸ்னூப் டாக், டேவிட் பைர்ன், டேமன் ஆல்பர்ன், அஷர், ஜில் ஸ்காட் என்று விருந்தாளிகள் வந்தபடியே இருக்கிறார்கள். வீட்டுக்காரர் குரலைத் தேட வேண்டியிருக்கிறது. அது சொல் பிரச்சினை அல்ல, ஆல்பத்தின் பிரச்சினை.

——

அனுப்புநர்: முத்தியால்பேட்டை

அக்கா, விருந்தாளி பற்றிய பத்தியைப் பெரிதாக்குகிறேன்.

> மேற்கோள் என்று பெயர்

ஐயா, மேற்கோள் என்றால் எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். இங்கே பாதி வேலை அதை மறைப்பதுதான். ஒரு தட்டிலிருந்து கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடி ஒன்றை மட்டும் கால் விநாடி அளவுக்கு எடுக்கிறார்கள். ஒரு எழுத்தை எடுத்துவிட்டு மேற்கோள் என்று சொல்ல முடியுமா? தவிர, இந்த ஆல்பத்தில் அவர்கள் தங்கள் பதிவையே வெட்டியிருக்கிறார்கள். தன்னையே மேற்கோள் காட்டுகிறார்கள் என்றால் பொருள் வேறெங்கோ போகிறது.

‘இரவல்’ என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் இதே கல்லில்தான் இடறுகிறது.

பிரேக்: பாட்டு நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி, டிரம் மட்டும் ஓடும் சில விநாடிகள். வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 தட்டான ‘ஏமென், பிரதர்’ பாட்டில் உள்ளது 4 பார் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்று), ஏறத்தாழ 7 விநாடி. நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசையில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றதில் தொடங்கி நீட்டினார். ஹிப் ஹாப் முளைத்த இடமே இப்படிப்பட்ட சில விநாடிகள்தான் என்று சொல்லலாம்.

> லூப் என்பதற்கு ‘மடக்கு’

இதில் பாதிச் சம்மதம். ஆனால் மடக்கணியில் ஒவ்வொரு முறையும் பொருள் மாற வேண்டும், இல்லையா? லூப்பில் மாறக்கூடாது, நீளமும் நூலளவு பிசகக்கூடாது. 92 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 92 எண்ணிக்கை) ஒரு பார் 2.609 விநாடி. அதை 2.6 என்று வெட்டிவிட்டு, மேலே தனியாக ஓடும் டிரம்மோடு சுழலவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் 9 மில்லிவிநாடி முந்தும். முதல் நான்கு சுற்றில் காதுக்குத் தெரியாது. 16 சுற்று போனால் 140 மில்லிவிநாடி, அதாவது கால் எண்ணிக்கைக்குக் கிட்டே ஓடிவிடும். பாட்டுக்காரர் தப்பாகப் பாடுவதாகப் பழி விழும்.

——

அனுப்புநர்: மஞ்சக்குப்பம்

மேற்கோளைத் திரும்பப் பெறுகிறேன். மடக்கைப் பெற மாட்டேன். சுற்று மாறாவிட்டாலும் அதன் மேல் வரும் சொற்கள் மாறுகின்றன, ஆகவே கேட்பவருக்குப் பொருள் மாறத்தான் செய்கிறது.

பிரேக்குக்குத் ‘தனி’ என்று வைத்தால் என்ன? கச்சேரியில் வாய்ப்பாட்டும் வயலினும் நிறுத்தி மிருதங்கத்துக்கு விடுவதைத் தனி என்றுதானே சொல்கிறோம்.

——

அனுப்புநர்: குருசுக்குப்பம்

தனி ஆவர்த்தனத்தில் வித்வான் தன் வித்தையைக் காட்டுவார், கணக்கு போடுவார், கோர்வை வைப்பார். பிரேக்கில் அது இருந்தால் கெட்டது. ஆட்டத்துக்கு ஏற்ற நேரான அடி வேண்டும். ஆனாலும் ‘தனி’ இரண்டே எழுத்து, நாக்கில் நிற்கிறது. ‘டிரம் தனி’ என்று முதல் முறை எழுதி, பிறகு தனி என்று விட்டால் குழப்பம் வராது. என் வாக்கு அதற்கு.

——

அனுப்புநர்: நெல்லிக்குப்பம்

எல்லோருக்கும் வணக்கம். சாம்பிளுக்கு எங்கள் பக்கத்துச் சொல் ஒன்று: கரணை.

கரும்பு நடவுக்கு விதை கிடையாது. நிற்கிற கரும்பை வெட்டி, பரு உள்ள கணு பார்த்துத் துண்டு போட்டு, வேறு வயலில் பதிக்கிறோம். அந்தத் துண்டுதான் கரணை. இரண்டு பரு இருந்தால் இருபருக் கரணை, ஏக்கருக்கு 30,000 என்பது கணக்கு. வருவது புதுப்பயிர், ரகம் மட்டும் பழையது. சொந்த வயலில் வெட்டினாலும் கரணை, காசு கொடுத்து வாங்கினாலும் கரணை, ராத்திரியில் பக்கத்து வயலில் வெட்டிக்கொண்டு வந்தாலும் கரணைதான். யாருடையது என்ற கேள்வி சொல்லுக்குள் இல்லை. உங்கள் இரண்டு ரசிகர் கட்சிகளும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதானே?

வெட்டு முறையும் ஒத்துப்போகிறது. பரு இல்லாத இடைக்கணுவை நட்டால் முளைக்காது. ஒலியில் பரு என்பது அடி விழும் கணம். வெட்டு அதற்கு 10 மில்லிவிநாடி பின்னால் விழுந்தால் கிக் டிரம்மின் ‘டப்’ போய் ‘உம்’ மட்டும் மிஞ்சும். பயந்துகொண்டு முன்னால் 30 மில்லிவிநாடி வெறும் இடம் விட்டால், பெட்டியின் ‘பேட்’ பொத்தானை அடித்த பிறகு ஒலி இழுத்துக்கொண்டு வரும். மழுங்கின கத்தியால் வெட்டினால் கரணையின் நுனி பிளந்து அதன் வழியே அழுகல் ஏறும். ஒலியலை சுழிக்கோட்டை (பூஜ்ஜிய அளவை) தொடும் இடத்தில் வெட்டாமல் நடு மேட்டில் வெட்டினால், ஸ்பீக்கர் கூம்பு ஒரே தாவலில் நகர்ந்து ‘டிக்’ என்று சத்தம் போடும். சுழியில் வெட்டுங்கள், முடியாவிட்டால் இரண்டு முனையிலும் 2 முதல் 5 மில்லிவிநாடி ஃபேடு (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) கொடுங்கள்.

வினை: கரணை வெட்டு (தட்டிலிருந்து எடுப்பது), கரணை ஊன்று (புதுப்பாட்டில் வைப்பது). இரண்டும் வெவ்வேறு வேலை, ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. சாப் என்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், ‘ஒருபருக் கரணை’ போதும். ஒரே ஒரு அடி உள்ள துண்டு.

——

அனுப்புநர்: மஞ்சக்குப்பம்

சொல் அருமை. ஆனால் கொத்தனார் கையில் இருக்கும் சாந்துக் கரண்டிக்கும் கரணை என்றுதான் பெயர். கிழங்கு ஒன்றும் இருக்கிறது.

——

அனுப்புநர்: நெல்லிக்குப்பம்

இருக்கட்டும் ஐயா. கொத்தனாரும் ராப் பாடகரும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். மாதிரி போல ஒரே வரிக்குள் இரண்டு பொருளில் வந்தால்தான் ஆபத்து.

——

அனுப்புநர்: குருசுக்குப்பம்

உரிமைப் பகுதிக்கும் இது உதவும். 1991 டிசம்பரில் அனுமதியில்லாத சாம்பிள் பற்றிய ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கின் தீர்ப்பு வந்த பிறகு அனுமதி வாங்காமல் ஆல்பம் போட கம்பெனிகள் அஞ்சின. அனுமதி என்பது இரண்டு: பதிவின் உரிமை ஒருவரிடம், பாட்டின் உரிமை இன்னொருவரிடம். கரணை வெட்டினால் இரண்டும் வேண்டும். அதே மெட்டைப் புதிதாக வாசித்துப் பதிந்தால் பாட்டுரிமை மட்டும் போதும். அதற்கு ‘மறுவாசிப்பு’ என்று வைக்கலாம், கரணை என்று எழுதக்கூடாது. டி லா சோல் குழுவினரே வாசிக்கவைத்துப் பதிந்ததை வெட்டினால் அடுத்தவர் தட்டுக்குப் பணம் கட்டும் வேலை இல்லை. அதைச் ‘சொந்தக் கரணை’ என்றே எழுதிவிடலாமே.

இந்தக் குழுவுக்கு இது வெறும் கலை முடிவு அல்ல. 1989-இல் வந்த அவர்கள் முதல் ஆல்பம் இணைய ஒலிபரப்புத் தளங்களுக்கு வந்தது 2023 மார்ச் 3 அன்றுதான். பழைய அனுமதிகள் தட்டுக்கும் கேசட்டுக்கும் எழுதப்பட்டவை. அந்தச் சூடு பட்ட குழு 200 மணி நேரம் சொந்தமாகப் பதிந்ததில் ஆச்சரியம் இல்லை.

——

அனுப்புநர்: முத்தியால்பேட்டை

கரணைக்கு என் முழு வாக்கு. கரகரப்புப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், சோதித்துப் பாருங்கள்:

“1987-இல் வந்த எஸ்பி-1200 கரணை பெட்டியின் மாதிரி வீதம் 26.04 கிலோஹெர்ட்ஸ், ஆழம் 12 பிட். மொத்தம் 10 விநாடிதான் கொள்ளும், ஒரு கரணைக்கு 2.5 விநாடி. 90 பிபிஎம்மில் ஒரு பாரே 2.67 விநாடி, உள்ளே போகாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுக் கரணை வெட்டினார்கள், பார் 1.98 விநாடியாகச் சுருங்கியது. பிறகு பெட்டிக்குள் 5 அரைச்சுரம் இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்படி இறக்கியதில் 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தட்டின் ஒலி மிஞ்சாது; அங்கே கேட்கும் மணல் போன்ற சத்தம் பெட்டி சேர்த்தது. 2016 ஆல்பத்தின் சொந்தக் கரணைகள் இந்த நெருக்கடியில் மாட்டாதவை. டிரம் சுத்தமாக இருக்கிறது, சிலம்பல் முழுதாக இருக்கிறது. அழுக்கு இல்லையே என்று வருந்தும் ரசிகர் தேடுவது பழைய தட்டை அல்ல, பழைய பெட்டியை.”

மடக்கு, தனி, கரணை, மறுவாசிப்பு நான்கையும் பட்டியலில் ஏற்றுகிறேன்.

——

அனுப்புநர்: மஞ்சக்குப்பம்

ஏற்றுங்கள். ‘சிலம்பல்’ என்பது சிம்பலா? அப்படியானால் ‘சிம்பல்’ என்றே இருக்கட்டும். சிலம்பல் என்றால் எதிரொலி, படிப்பவர் அறையின் முழக்கம் என்று எடுத்துக்கொள்வார். அப்புறம் ‘கரணை பெட்டி’ அல்ல, கரணைப்பெட்டி. ப் போடுங்கள்.