பேரல் மாற்றும் ரைபிள்: கையில் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கீழக்கரை காக்கா:

அபுதாபியில் நடக்கும் வேட்டைக் கண்காட்சி பலருக்கும் தெரிந்திருக்கும். அங்கே கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேலை பார்த்தேன். ஒரு நாள் பிளேசர் ஆர்8 என்ற ஜெர்மன் வேட்டை ரைபிள் வைத்திருந்த மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். ஒரு பெரியவர் வந்து .243 தோட்டா போடுகிற மாதிரி வேண்டும் என்றார். மேசையில் இருந்தது .308. விற்கிற ஜெர்மன்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. நம்ம ஆலன் கீ மாதிரி ஒன்றை எடுத்துக் கட்டைக்கு அடியில் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினார். பேரலைத் தூக்கினார், வந்துவிட்டது. இன்னொன்றை வைத்து, "நீ முறுக்கு" என்று சாவியை என்னிடமே நீட்டினார். முறுக்கினேன். போல்ட்டை, அதான் தோட்டாவுக்குப் பின்னால் பூட்டுகிற தண்டை, முன்னால் தள்ளினேன். டக். நான் வைத்திருந்த டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது, அதற்குள் அது வேறு துப்பாக்கி.

ஊருக்கு வந்து மாமாவிடம் சொன்னால் சிரிக்கிறார். ஏர்கன் பேரல் கொஞ்சம் ஆடினாலே குறி போய்விடும், கழற்றி மாட்டினால் எப்படி நிற்கும் என்கிறார். அந்த 'டக்' காதிலேயே நிற்கிறது, அவருக்குச் சொல்லத்தான் பதில் இல்லை.

தொண்டி மிலிட்டரி:

காக்கா, இதில் என்ன அதிசயம்? எங்கள் காலத்தில் எல்.எம்.ஜி., அதான் லைட் மெஷின் கன், பிடித்த எவனும் பேரல் மாற்றியிருப்பான். பிரென் கன்தான் அது. முதலில் .303, பிறகு 7.62 ஆக்கினார்கள். தோட்டா அடுக்குகிற வளைந்த மேகசின் போய் நேர் மேகசின் வந்தது. சுடச் சுடப் பேரல் பழுத்துவிடும், பூட்டைத் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக் கழற்றி அடுத்ததைப் போட வேண்டும்.

எனக்கு மறக்காதது ஒரு ராத்திரி ஃபயரிங். பக்கத்தில் இருந்தவன் புதுப் பையன், கழற்றிய பேரலை அப்படியே காய்ந்த புல்லில் வைத்துவிட்டான். முதலில் வாசனை, பிறகுதான் வெளிச்சம். அணைக்க ஓடியவன் அவசரத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு இரும்பையே பிடித்தான். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். விடிந்ததும் அவன் கட்டுப் போட்ட கையோடு சல்யூட் அடிக்கப் பார்த்தான், சுபேதார் சாப் அவன் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

உச்சிப்புளி லேத்து:

மிலிட்டரி அண்ணே, கோவிக்கக் கூடாது. நீங்கள் சொல்வது சூடு ஆற மாற்றுவது. தோட்டா அதேதான், பேரல்தான் வேறு. காக்கா கேட்பது தோட்டாவே மாறுவது. இரண்டும் ஒன்றில்லை.

என் கதை சின்னது. மழைக்காலம், கரண்ட் இல்லை, பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தெரிந்த முகம்தான், ஊர் சொல்ல மாட்டேன். லுங்கியில் சுற்றிய ஒரு குழாயைப் பெஞ்சில் வைத்தார். தேங்காய் எண்ணெய் வாசம். தாத்தா காலத்து .315 ரைபிள் இருக்கிறது, இந்தப் பேரலுக்கு மரை வெட்டித் தந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வேன் என்றார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், அம்மைத் தழும்பு மாதிரி துரு. சுற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பட்டறைக்கு இப்போதும் வருகிறார், பம்ப் ஷாஃப்ட் கொண்டுவருகிறார். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

ஏன் செய்யவில்லை என்று இங்கே யாராவது கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மரை வெட்டுவது பெரிய வேலையே இல்லை. போட் இன்ஜினுக்குத் தினமும் வெட்டுகிறோம். விஷயம் ஹெட்ஸ்பேஸ். போல்ட் முகத்துக்கும், தோட்டா போய் முட்டி நிற்கிற இடத்துக்கும் உள்ள தூரம். .308க்குச் சரியாக இருக்கிறது என்று காட்டும் கேஜ் 1.630 அங்குலம், சரியில்லை என்று காட்டும் கேஜ் 1.634. வித்தியாசம் நாலு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, ஒரு தாளின் கனம். அதைத் தாண்டப் போனால் தோட்டாவின் பித்தளைக் கூடு பிதுங்கிக் கிழியலாம், கிழிந்தால் வாயு சுடுகிறவர் முகத்தைப் பார்த்து வரலாம். என் பழைய லேத்தில் பெட் தேய்ந்ததே அதைவிட அதிகம். இரண்டாவது, சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றாலே அதன் பாகங்களும் சேர்த்தி. அதாவது அந்த லுங்கியில் இருந்தது குழாய் இல்லை, ஆயுதம். செய்வதற்கும் தனி லைசென்ஸ், ரிப்பேருக்கும் தனி லைசென்ஸ். 'சும்மா ஒரு மரைதானே' என்று யார் வந்தாலும், தம்பிமாரே, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மூன்றாவது, பேரலையே செய்து தா என்றாலும் இரும்பு இடிக்கும். நம்ம கையில் கிடைக்கிற ஷாஃப்ட் ராடு என்ன இரும்பு என்று கடைக்காரனுக்கே தெரியாது. அதை நம்பி அத்தனை பிரஷரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியுமா?

பத்து மீட்டர்:

லேத்து அண்ணன் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டார், காக்கா கேட்டதுக்குச் சொல்லவில்லை. குறி ஏன் போகாது? அந்த ரைபிளில் ஸ்கோப், அதான் குறி பார்க்கும் தொலைநோக்கி, பேரலின் மேலேயே உட்காருகிறது. பேரலோடு சேர்ந்தே கழன்று, சேர்ந்தே வருகிறது. போல்ட்டும் நேராகப் பேரலுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும், அதனால் லேத்து அண்ணன் பயப்படும் அந்தத் தூரம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கி வந்ததுதான் .243, அடிப்பாகம் இரண்டுக்கும் ஒன்று. அதனால் பேரலோடு வேலை முடிந்தது. .300 வின்செஸ்டர் மேக்னம் போட வேண்டுமென்றால் போல்ட் தலையும் மாற வேண்டும், அதன் அடிப்பாகம் பெரியது. நான் சுடுவது ஏர் ரைபிள் மட்டும்தான். இதையெல்லாம் சுடும் ரேஞ்சில் ஒரு சீனியர் வைத்திருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். தொடக்கூட விடவில்லை மனிதர்.

மண்டபம் மாமனார்:

மகள் வீடு டெக்சாஸில். மருமகன் ஒரு நாள் ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வைத்திருந்தது ஏ.ஆர். வகை ரைபிள், .223க்கும் .300 பிளாக்கவுட்டுக்கும் பேரல் மட்டும் மாற்றினால் போதும், போல்ட்டும் மேகசினும் அதேதான். ரொம்ப வசதி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நாலு லேன் தள்ளி ஒரு சத்தம். வெடிச் சத்தம் மாதிரியே இல்லை, லாரி டயர் வெடித்த மாதிரி. அந்த ஆளும் அதே மாதிரி துப்பாக்கிதான் வைத்திருந்தார். .223 பேரலில் .300 தோட்டா போயிருக்கிறது. குண்டு பேரலின் துவாரத்தைவிடப் பெரியது, ஆனால் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிவிடும், அதுதான் கேடு. மேகசின் கீழே தெறித்துக் கிடந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. முகமெல்லாம் கரி. அவர் யாரோடும் பேசவில்லை. இடது கையை முகத்துக்கு நேரே பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் எண்ணினார்.

மருமகன் அன்று ராத்திரியே சமையல் மேடையில் உட்கார்ந்து .300 மேகசினுக்கெல்லாம் சிவப்பு டேப் சுற்றினார். நான் கத்தரிக்கோல் பிடித்தேன்.

ஏர்வாடிப் பொண்ணு:

நான் துப்பாக்கி சுட்டதில்லை, துடைத்திருக்கிறேன். வீட்டில் ஐயாவின் .315 இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒரு தடவை திரும்பி வந்தபோது ஐயா ராடில் துணியைச் சுற்றி உள்ளே விட்டார், துணி டீ வடிகட்டின மாதிரி வெளியே வந்தது. நம்ம உப்புக் காற்றுதான். ஐயா யாரையும் திட்டவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியவில்லை.

இரண்டு பேரல், மூன்று பேரல் என்று ஆசையாகப் பேசுகிறீர்கள். இந்தக் கடற்கரையில் அத்தனையையும் யார் துடைப்பது? அப்புறம் ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. ஒரே ரைபிளில் மூன்று பேரல் வைத்துத் தப்பிக்கலாமா என்று என் தம்பி கேட்கிறான்.

உச்சிப்புளி லேத்து:

தம்பியைப் பட்டறைக்கு அனுப்பு தாயி, டீ வாங்கித் தருகிறேன். ஆனால் எண்ணெய் மட்டும் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். குளிர்ந்தால் உறைந்துவிடும். மிஷின் ஆயில் போதும், மாதம் ஒரு தடவை அல்ல, வாரம் ஒரு தடவை. உறைக்குள் வைத்து மூடாதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தொண்டி மிலிட்டரி:

சூடு ஆற மாற்றுவதும் மாற்றுவதுதான்.

கீழக்கரை காக்கா:

பத்து மீட்டர் தம்பி எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஸ்கோப் இல்லாமல் வெறும் குறிமுள்ளை வைத்துச் சுட்டால்?" என்கிறார்.

பத்து மீட்டர்:

அதுவும் பேரல் மேலேதான் இருக்கும் காக்கா.