ஒரு விரல் அளவு குறைந்த கூலண்ட்

முதலில் குறைந்தது ஒரு விரல் அளவுதான். எங்களுடையது நடுத்தர அளவு எஸ்யூவி, பெட்ரோல் டர்போ. அப்போது 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு நாள் வண்டியைக் கழுவிவிட்டு போனட்டைத் திறந்தேன். கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம், டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியது, கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெயிலில் ஆவியாகியிருக்கும் என்று நினைத்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து மேல்கோடு வரை ஊற்றி மூடிவிட்டேன். அடுத்த மாதம் பார்த்தால் மறுபடி அதே அளவு குறைந்திருந்தது. மறுபடி ஊற்றினேன். இப்படியே நான்கு மாதம்.

ஐந்தாவது மாதம் ஒரு மலைப்பாதையில் இன்ஜின் படுத்துவிட்டது. செலவையும் மூன்று வாரம் வண்டி இல்லாமல் இருந்ததையும் விட, அந்த நான்கு மாதமும் கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. கூலண்ட் பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய அமைப்புக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். வெளியே கசியலாம், சிலிண்டருக்குள் இறங்கிப் புகையோடு போகலாம், ஆயிலில் கலக்கலாம். எங்கே போகிறது என்று தேடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தது என் தப்பு.

அன்று ஏற்றம் நீளமானது. வண்டியில் ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி ஓடுகிறது. பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏசி காத்து சூடா வருதுப்பா" என்றார். டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் நடுவில்தான் இருந்தது. ஏசியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். உண்மையில், இன்ஜின் சூடேறுவதைப் பார்த்த கம்ப்யூட்டர் பாரத்தைக் குறைப்பதற்காக ஏசி கம்ப்ரெஸரை நிறுத்தியிருக்கிறது. இப்போதைய பல வண்டிகளில் முள் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. சுமார் 80 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகு கிடுகிடுவென்று ஏறும். எனக்கும் அப்படித்தான். இரண்டு வளைவு திரும்புவதற்குள் முள் சிவப்புக்குப் போய்விட்டது. தித்திப்பான ஒரு வாடை வண்டிக்குள் வந்தது.

நிறுத்த இடம் தேடி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது முள் தானாகக் கீழே இறங்கியது. அப்பாடா, குளிர்ந்துவிட்டது என்று இன்னும் 2 கிலோமீட்டர் ஓட்டினேன். இன்ஜினைக் கெடுத்தது அந்த 2 கிலோமீட்டர்தான். உள்ளே இருந்த கூலண்ட் பெரும்பாலும் வெளியேறிவிட்டதால், சென்சார் வெறும் ஆவியிலும் காற்றிலும் நின்றிருக்கிறது. கூலண்ட் சுற்றி இருந்தால்தான் அது சரியாக அளக்கும். சிவப்புக்குப் போன முள் காரணமே இல்லாமல் இறங்கினால் தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

டோ வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப் கொண்டுபோனோம். மெக்கானிக் முதலில் என்னைக் கூப்பிட்டு, ஃபோன் டார்ச்சை அடித்து, ஒரு சின்னக் கைக்கண்ணாடியை வாட்டர் பம்ப்புக்குக் கீழே நீட்டினார். பம்ப்பின் அடிப்பக்கம் பட்டாணி நுழையாத அளவில் ஒரு ஓட்டை. அதிலிருந்து கீழ்நோக்கி, உப்பு பூத்தது போல ஒரு ரோஸ் நிறக் கோடு. விரலால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. பம்ப்பின் உள் சீல் தேய்ந்தால் தெரியட்டும் என்றே அந்த ஓட்டையை வைத்திருக்கிறார்களாம். சொட்டுச் சொட்டாக வந்தது இன்ஜின் சூட்டிலேயே காய்ந்துவிட்டதால் தரையில் ஒரு நாளும் ஈரம் இல்லை. "இது நேத்து வந்தது இல்ல சார், ஆறு மாசமாவது இருக்கும்" என்றார். அந்த ஏற்றத்தில் சீல் மொத்தமாக விட்டுவிட்டது.

அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் வைத்து, டேங்க் வாயில் பொருத்தி இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். எரிந்த வாயு கூலண்டில் கலந்தால் நீலம் மஞ்சளாகும். என் கண் முன்னாலேயே மஞ்சளானது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைத்து நிற்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி, அதன் மேல் நேர்க்கம்பியை வைத்து, அடியில் மெல்லிய தகடுகளை நுழைத்து அளந்தார்கள். அலுமினிய ஹெட் வளைந்திருந்தது. பல இன்ஜின்களில் இதற்கான எல்லை 0.05 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட், பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்கபடி கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), டேங்க் மூடி, பெல்ட் எல்லாம் போட்டோம்.

மூடியை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரணமாகச் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் அது சுமார் 129 டிகிரிக்குப் போகும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்த அழுத்தம் நிற்காது, சீக்கிரமே கொதித்து வெளியே தள்ளும். இருப்பதிலேயே விலை குறைந்த பாகம் இதுதான், யாரும் கண்டுகொள்ளாததும் இதுதான். நான் நான்கு மாதம் குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் கலவை நீர்த்துப்போய், கொதிநிலை இறங்கி, துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் குறைந்திருந்தது. கழற்றிய தெர்மோஸ்டாட்டின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது.

வண்டி கைக்கு வந்த மறுநாளே மறுபடி முள் ஏறியது. பயந்துபோய் அணைத்துவிட்டு ஃபோன் செய்தேன். உள்ளே காற்றுக் குமிழி மாட்டியிருந்தது. முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, இதற்கென்று இருக்கிற திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார்கள். அதன் பிறகு இன்றுவரை தொந்தரவு இல்லை. கூலண்ட் மாற்றிய மறுநாள் வண்டி சூடானால் முதலில் இதைக் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது டேங்கின் பக்கவாட்டில் காகித டேப் ஒட்டி, தேதியோடு கோடு போட்டிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில் சாவி போடுவதற்கு முன்னால், சமதளத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். சூடாக இருக்கும்போது அளவு ஏறித்தான் தெரியும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

என் வண்டியில் பிரச்சினை வேறு மாதிரி. கூலண்ட் சொட்டுக்கூடக் குறையவில்லை. நெரிசலில் நின்றால் முள் ஏறும், நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒழுங்காக இறங்கிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள், சரியாகவில்லை. ரேடியேட்டரையே மாற்றினார்கள், அதிலும் சரியாகவில்லை. மூன்றாவதாகப் பார்த்த ஒரு வயதான எலக்ட்ரீசியன் கேட்ட முதல் கேள்வி: "நிக்கும்போதா, ஓடும்போதா?"

நிற்கும்போது சூடாகி, ஓடும்போது சரியானால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் வேலை செய்யாதது தெரியவே தெரியாது. நேர்மாறாக, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் என்று தேட வேண்டும். என் வண்டியில் ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் ஒரு கால் கருகியிருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி, அதற்காக ஒரு நல்ல ரேடியேட்டரைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

இதை நீங்களே பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இன்ஜினை அணைத்த பிறகும் அது திடீரென்று ஓடும்.

*

டீசல் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் மாதாமாதம் கூலண்ட் குறைந்தது. வெளியே கசிவு இல்லை, பம்ப் சுத்தம், ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தது, ஆயிலில் கூலண்ட் கலந்தால் ஆயில் மூடியில் படியும் வெண்ணெய் மாதிரியும் எதுவும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெள்ளைப் புகை கொஞ்சம் அதிகமாக வந்து, தித்திப்பாக வாடை அடிக்கும். ஹெட் கேஸ்கெட்தான், ஹெட்டைக் கழற்றியாக வேண்டும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை, இன்னொருவரிடம் காட்டினேன்.

அவர் ஈஜிஆர் கூலரைச் சந்தேகப்பட்டார். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புவதற்கு முன்னால், அதைக் கூலண்டால் குளிர வைக்கும் பாகம் அது. உள்ளே விரிசல் விட்டால் கூலண்ட் புகை வழியில் போய் ஆவியாகிவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஈஜிஆர் வால்வைக் கழற்றியபோது பார்த்தேன். அங்கே கரி உலர்ந்த பொடியாக இருப்பதுதான் வழக்கம். எங்களுடையதில் கரி ஈரமாக, பளபளவென்று சேறு போல இருந்தது. கூலரை மாற்றியதோடு சரி. ஹெட்டைத் தொடவே இல்லை.

*

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். சில வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் இரண்டும் கலக்கும். என் கணவர் டேங்கைத் திறந்தபோது உள்ளே ரோஸ் நிறத்தில் பால் போலக் கெட்டியாக இருந்தது. ஏதோ புது வகை கூலண்ட் என்று நினைத்து இரண்டு நாள் ஓட்டினோம். கியர்பாக்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த நிறத்தைப் பார்த்தால் ஸ்டார்ட்கூடச் செய்யாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

*

எனக்கு நேர் எதிர். முள் நடுவுக்கு வரவே அரை மணி நேரம் ஆனது, ஹீட்டரில் வெதுவெதுப்புதான், மைலேஜும் இறங்கியது. சூடாகவில்லையே, நல்லதுதானே என்று விட்டிருந்தேன். செக் இன்ஜின் விளக்கு வந்ததும் ஸ்கேன் செய்தால் பி0128 என்ற பிழைக் குறியீடு. தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நின்றிருக்கிறது. மாற்றியதும் சரியாகிவிட்டது.

அண்ணா, ஒரு சந்தேகம். வழியில் முள் ஏற ஆரம்பித்தால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

*

தம்பி, முள் நடுவைத் தாண்டியதுமே ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழு சூட்டில், அதன் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்துவிட்டு நிறுத்த இடம் பாருங்கள். ஹீட்டரைப் போட்டும் குளிர்ந்த காற்று வந்தால் கூலண்ட் சுற்றவில்லை, கிட்டத்தட்ட காலி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும், இடம் பார்க்க வேண்டாம். ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள்.

மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் முகத்தில் பீய்ச்சி அடித்தால் தோல் வெந்துவிடும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள், அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். ஆறிய பிறகு அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், டிஸ்டில்டு வாட்டராக இருந்தால் நல்லது. ஆனால் எங்கே போகிறது என்று அன்றே பார்த்தாக வேண்டும்.

நிறம் ஒன்றாக இருக்கிறது என்று கூலண்டைக் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு, ரோஸ் எதற்கும் பொதுவான விதி இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கிற வகையைத்தான் பார்க்க வேண்டும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்கவும் வேண்டாம். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாய், பூனை நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைக்கலாம்.

*

இதைப் படித்துவிட்டு, டார்ச்சும் சவரக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். டேங்கில் அளவு கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. பம்ப்புக்கு அடியில் நீங்கள் சொன்ன அதே ஓட்டை, அதிலிருந்து ஒரு வெள்ளைக் கறை, இரண்டு அங்குல நீளம் இருக்கும். தொட்டுப் பார்த்தேன், ஓரத்தில் ஈரம். நாளைக்கு ஊருக்குப் போவதாக இருந்தோம். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், காலையில் மெக்கானிக் வீட்டுக்கே வருகிறார்.